முதல்முறை ஜெயிலுக்குப் போகிறவர்களுக்கு: உள்ளே நாள் எப்படிப் போகும், எப்படிப் போக்குவது

"களி தின்னப் போறியா?" என்று திட்டு வாங்கி வளர்ந்தவர்கள் நாம். அதனால் ஜெயில் என்றால் களியும் கம்பியும் அடியும்தான் என்று மனதில் பதிந்திருக்கிறது. ஒரு பணத் தகராறு வழக்கில் நான் 53 நாள் உள்ளே இருந்தேன், களி ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை. கம்பி இருந்தது. ஆனால் என்னைப் படுத்தி எடுத்தது கம்பியும் இல்லை, அடியும் இல்லை, நேரம்தான். சாயங்காலம் பூட்டினால் மறுநாள் காலை திறக்கும் வரைக்கும் இருக்கும் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யாருக்கு இது? தமிழ்நாட்டில் முதல்முறை ரிமாண்ட் ஆகப் போகிறவர்களுக்கு, முன்ஜாமீன் கிடைக்காமல் சரண்டர் ஆகப் போகிறவர்களுக்கு, இரவோடு இரவாகப் பிள்ளையையோ கணவரையோ கூட்டிப் போய்விட்டார்களே என்று வாசலில் நிற்கிற வீட்டுக்காரர்களுக்கு. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் தண்டனை பெற்றவர்களே இல்லை, வழக்கு முடியாமல் காத்திருக்கும் விசாரணைக் கைதிகள். நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான், தனியாக உங்கள் தலையில் மட்டும் இடி விழுந்துவிடவில்லை.

சென்னைப் பக்கம் என்றால் பெரும்பாலும் புழல். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த 1837ஆம் ஆண்டுக் கட்டடத்தை மூடிவிட்டு 2006இல் அங்கே மாற்றினார்கள். புழல் ஒன்று தண்டனைக் கைதிகளுக்கு, புழல் இரண்டு விசாரணைக் கைதிகளுக்கு, பெண்களுக்கு அதே வளாகத்தில் தனிச் சிறை. மற்ற ஊர்களில் வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை மத்தியச் சிறைகள். சின்ன வழக்கு என்றால் பக்கத்து ஊர்க் கிளைச் சிறையிலேயே வைத்துவிடுவார்கள். நான் இருந்தது எந்தச் சிறை என்று சொல்லப் போவதில்லை. நேரமும் நடைமுறையும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கையில் நேரம் இருந்தால், போவதற்கு முன்

முதல் வேலை, நான்கைந்து போன் நம்பர்களை மனப்பாடம் செய்யுங்கள். சிரிக்காதீர்கள். என் மனைவியின் நம்பர் எனக்குத் தெரியாது, வருஷக்கணக்காகப் பெயரைத் தட்டித்தானே பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே போனதும் வீட்டு நம்பர் கேட்டபோது முழித்த முழி இன்னும் ஞாபகம் இருக்கிறது. மனைவி, அண்ணன் அல்லது தம்பி, வக்கீல், நம்பகமான ஒரு நண்பர். ஒரு தாளிலும் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள், தாள் தொலைந்தாலும் மனப்பாடம் தொலையாது.

இரண்டாவது, மருந்து. சர்க்கரை, பிரஷர், வலிப்பு, மனநல மாத்திரை எது சாப்பிட்டாலும் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஒரிஜினல் வேண்டும். மாத்திரையைக் கொண்டுபோனால் வாங்கி வைத்துவிடலாம், சீட்டு இருந்தால் சிறை மருத்துவமனையில் அதே மருந்தையோ அதற்கு இணையானதையோ கேட்க முடியும். கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டு ஜோடி கொண்டுபோங்கள். ஒன்று உடைந்தால் அடுத்தது வர நாளாகும், கண்ணாடி இல்லாமல் புத்தகமும் இல்லை, அப்புறம் பொழுதும் இல்லை.

துணி பற்றிக் கவலை வேண்டாம். விசாரணைக் கைதி தன் சொந்தத் துணியைப் போட்டுக்கொள்ளலாம், 1894ஆம் வருஷத்துச் சிறைகள் சட்டத்திலேயே அது இருக்கிறது. சீருடை தண்டனைக் கைதிகளுக்குத்தான். இரண்டு லுங்கி, இரண்டு மூன்று டி-சர்ட், உள்ளாடை, ஒரு துண்டு, சாதாரண ரப்பர் செருப்பு போதும். பெல்ட், மோதிரம், செயின், வாட்ச் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.

மாஜிஸ்ட்ரேட் முன்னால்

கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். அநேகமாக ராத்திரியில், நீதிபதி வீட்டில், ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். போலீஸ் ஏதாவது செய்தார்களா என்று கேட்பார். அடி விழுந்திருந்தால் அந்த இடத்தில் சொல்லுங்கள், எங்கே காயம் என்று காட்டுங்கள், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் "பிறகு" வராது. வக்கீல் இல்லை என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்காரர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

கேட்டில்

பெரிய கதவில் ஒரு சின்னக் கதவு. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அதற்குப் பின்னால் இன்னொரு கதவு, முன்கதவைச் சாத்தின பிறகுதான் பின்கதவு திறக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிசையும், எல்லோருக்கும் அப்படித்தான். பெயர், அப்பா பெயர், முகவரி, மச்ச அடையாளம், உயரம், எடை, கைரேகை, போட்டோ. சோதனை போடுவார்கள், துணியைக் கழற்றச் சொல்வார்கள். அவமானமாக இருக்கும், வாக்குவாதம் பண்ணிப் பயன் இல்லை, சீக்கிரம் முடிந்துவிடும். கையில் இருக்கும் பணம், பொருள் எல்லாம் பதிவேட்டில் எழுதுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சாதி கேட்டால் சொல்ல வேண்டியதில்லை. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான கட்டமே இருக்கக் கூடாது என்று 2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதி பார்த்து வேலை பிரிப்பதும் சாதி பார்த்துத் தங்க வைப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது அதே தீர்ப்பு. அதில் பாளையங்கோட்டைச் சிறையின் பெயரும் வருகிறது, நாம் பெருமைப்பட முடியாத காரணத்துக்காக. காகிதத்தில் இல்லாவிட்டாலும் உள்ளே "எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

அடுத்து டாக்டர். இங்கே மறைக்கவே கூடாத விஷயம் ஒன்று உண்டு, குடி. தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமில்லாமை, சிலருக்கு வலிப்பு, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது என்று போகும். உயிருக்கே ஆபத்தாகலாம். என்னோடு வந்த ஒருவர் வெட்கப்பட்டு "பழக்கமெல்லாம் இல்லை சார்" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பாம்பு போகிறது என்று கத்தினார். நல்லவேளை பக்கத்தில் இருந்த பழைய ஆள் புரிந்துகொண்டு கம்பியைத் தட்டி ஆளைக் கூப்பிட்டார். எவ்வளவு குடிப்பீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று அப்படியே சொல்லுங்கள், அதை வைத்து யாரும் இன்னொரு கேஸ் போடமாட்டார்கள். உடம்பில் காயம் இருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

முதல் சில நாள்

புதிதாக வருகிறவர்களைத் தனி பிளாக்கில் வைப்பார்கள், "குவாரண்டைன்" என்பார்கள். கொரோனாவுக்கு முன்பிருந்தே இருக்கிற வழக்கம்தான் அது. ஒரு தட்டு, குவளை, பாய், போர்வை. தரையில்தான் படுக்கை, கழிப்பறை அதே இடத்தில், லைட்டை அணைக்கவே மாட்டார்கள். துண்டை மடித்துக் கண்மேல் போட்டுக்கொண்டு படுங்கள்.

முதல் ராத்திரி தூக்கம் வராது, வரவும் வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள், யாரும் கேலி செய்யமாட்டார்கள், அங்கே இருக்கிற முக்கால்வாசிப் பேர் அதைத் தாண்டி வந்தவர்கள்தான். "என்ன கேஸ்?" என்று கேட்பார்கள். ஒரு வரியில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். யார் சாட்சி, எவ்வளவு பணம், வக்கீல் என்ன சொன்னார் என்பதெல்லாம் யாரிடமும் பேசக் கூடாது. உள்ளே எல்லோரும் பாதி வக்கீல்கள், அவர்கள் சொல்கிற செக்ஷனைக் கேட்டுப் பயந்து நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன், பிறகு பார்த்தால் அந்தச் செக்ஷனே என் எஃப்.ஐ.ஆரில் இல்லை.

மனசு ரொம்பக் கீழே போய், விபரீதமான யோசனை வந்தால் காவலரிடமோ பக்கத்தில் படுத்திருப்பவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். மத்தியச் சிறைகளில் நல அலுவலரும் மனநல ஆலோசகரும் இருக்கிறார்கள், பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கலாம்.

ஒரு நாள் எப்படி ஓடும்

காலை ஆறு மணி வாக்கில் திறப்பு. திறந்ததும் கணக்கு, அதாவது தலை எண்ணிக்கை. இரண்டு இரண்டாகவோ நான்கு நான்காகவோ உட்கார வைத்து எண்ணுவார்கள். ஒரு தலை குறைந்தால் மறுபடியும் முதலிலிருந்து, அதனால் கணக்கு நேரத்தில் பாத்ரூமில் உட்கார்ந்துவிட்டு எல்லோரிடமும் திட்டு வாங்காதீர்கள். ஒரு நாளில் இப்படிப் பல தடவை நடக்கும்.

பிறகு தண்ணீர். உங்கள் பிளாக்கில் தண்ணீர் எப்போது வருகிறது, எந்த நேரத்தில் குழாயடியில் கூட்டம் இல்லை என்பதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுங்கள். ஏழு மணி சுமாருக்குக் காலைச் சாப்பாடு, கஞ்சி, பொங்கல், உப்புமா என்று மாறி மாறி வரும். பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் மதியச் சோறு, சாம்பார், பொரியல், மோர். முட்டை நாள், கோழி நாள் என்று உண்டு, அந்த நாளில் பிளாக்கின் முகமே வேறு. உப்பும் காரமும் வீட்டு அளவில் இருக்காது, ஊறுகாய் கேன்டீனில் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களை ஏமாற்றுவது ராத்திரிச் சாப்பாடுதான். அது சாயங்காலம் நான்கு, நாலரைக்கே வந்துவிடும். பசிக்கவில்லையே என்று கொஞ்சமாக வாங்கினால் எட்டு மணிக்கு வயிறு கூப்பாடு போடும், அப்போது கதவு பூட்டியிருக்கும். வாங்கி மூடி வைத்து ஏழு ஏழரைக்குச் சாப்பிடுங்கள். எறும்பு வராமல் இருக்கத் தட்டை ஈரத் துணிமேல் வைக்க வேண்டும், எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் நான்காவது தடவையாக உள்ளே வந்திருந்த ஒரு பெரியவர்.

ஐந்தரை, ஆறுக்குக் கடைசிக் கணக்கு, லாக்கப். அதற்குப் பிறகு காலை வரைக்கும் உங்கள் உலகம் அந்த அறைதான்.

பொழுதை என்ன செய்வது

பகலில் திறந்திருக்கும் நேரத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள், உடம்புக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, அரட்டைக்கு ஒன்று. அரட்டை மட்டும் போதும் என்று இருந்தவர்கள் மூன்றாவது வாரத்தில் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொள்வதைப் பார்த்தேன், ஏனென்றால் ஒரே கேஸ் கதையை ஐம்பது தடவை எவ்வளவு நாள்தான் கேட்பது?

நடை கட்டாயம். பிளாக்குக்கு முன்னால் இருக்கிற மைதானத்தையோ வராந்தாவையோ சுற்றிக் காலையில் முக்கால் மணி, சாயங்காலம் லாக்கப்புக்கு முன்னால் அரை மணி. சாயங்கால நடைதான் முக்கியம், உடம்பு அலுத்தால்தான் தரையில் தூக்கம் வரும். சில சிறைகளில் யோகா வகுப்பு நடக்கும், வாலிபால் நெட் இருக்கும், கபடிக்கு மண் தரை இருக்கும். வாலிபாலில் புது ஆளுக்கு உடனே இடம் கிடைக்காது. நான்கு நாள் ஓரமாக நின்று பந்து பொறுக்கிப் போடுங்கள், ஐந்தாம் நாள் ஆள் குறையும்போது அவர்களே கூப்பிடுவார்கள்.

உட்கார்ந்து ஆடுவது என்றால் கேரம், செஸ். போர்டு கிடைக்காதபோது தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஆடுபுலி ஆட்டம், தாயம். தாயக்கட்டைக்குப் பதில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருந்தார்கள். எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணைக்குப் பிறகு நான் ஆடுபுலி ஆட்டம் ஆடினது அங்கேதான், ஒரு லாரி டிரைவர் மூன்றே புலியை வைத்துக்கொண்டு என்னை எட்டு ஆட்டம் தொடர்ந்து தோற்கடித்தார். செஸ்ஸைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், கைதிகளுக்கென்று உலகச் செஸ் கூட்டமைப்பு நடத்தும் ஆன்லைன் போட்டியில் 2023இல் தங்கம் வாங்கியது நம் நாட்டு எரவாடா சிறை அணி. ஒன்று மட்டும், எதிலும் பந்தயம் வைக்காதீர்கள். ஒரு சோப்பு, ஒரு பிஸ்கட் பாக்கெட் என்று ஆரம்பிக்கும், கடன் ஏறும், கடைசியில் வீட்டிலிருந்து யாருக்கோ பணம் அனுப்பச் சொல்ல வேண்டி வரும். உள்ளே நடந்த பெரிய சண்டைகளில் பாதி இப்படிக் கடனில் தொடங்கியதுதான்.

டி.வி. உண்டு. ரிமோட் யாரிடம் இருக்கிறது என்பது அரசியல், அதில் தலையிடாதீர்கள். கிரிக்கெட் இருக்கிற நாளில் சீரியல்காரர்கள் கொதிப்பார்கள், சீரியல் நேரத்தில் கிரிக்கெட்காரர்கள் கொதிப்பார்கள், புது ஆள் இரண்டு பக்கமும் சேராமல் பின்வரிசையில் உட்கார்ந்தால் போதும்.

புத்தகம்தான் லாக்கப் நேரத்துக்கு மருந்து. நூலகம் எந்த நாளில், எந்த நேரத்தில் என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் புத்தகமே பிளாக்குக்கு வரும். சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை "கூண்டுக்குள் வானம்" என்று ஒரு ஸ்டால் போட்டு, வருகிறவர்களிடம் கைதிகளுக்காகப் புத்தகங்களைத் தானமாக வாங்குகிறது, 2023 முதல் பார்த்திருப்பீர்கள். அந்தப் புத்தகங்களெல்லாம் எங்கே போகும் என்று நானும் ஸ்டாலைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோனவன்தான். அதில் ஒன்றை உள்ளே பிரித்தபோது முதல் பக்கத்தில் யாரோ ஒரு குழந்தை ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த பூ இருந்தது.

எதை எடுப்பது? கனமான தத்துவம் வேண்டாம், கவிதையும் வேண்டாம், முதல் மாதத்தில் எதைப் படித்தாலும் நம் கதையாகத் தெரிந்து கண் கலங்கும். பல பாகம் வரும் சரித்திர நாவல், துப்பறியும் கதை, பயணக் கதை, இப்படி அடுத்து என்ன ஆச்சு என்று இழுத்துப் போகிறவை. படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் இருந்தால் சத்தமாகப் படியுங்கள். நான் ஒரு நாள் சும்மா ஆரம்பித்தேன், ஒரு வாரத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தார்கள், "நேத்து எங்க விட்டே?" என்று எட்டு மணிக்கு ஆள் வந்து எழுப்பும் அளவுக்குப் போனது. அதற்குப் பிறகு எனக்கு ராத்திரி ஒரு பிரச்சினையாகவே இல்லை.

நோட்டும் பேனாவும் கேன்டீனில் கிடைக்கும். தினம் நாலு வரி எழுதுங்கள், வழக்கைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம், சோதனையில் யார் கையிலும் போகலாம். வீட்டுக்குக் கடிதம் எழுதினால் அதிகாரிகள் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

வேலையும் படிப்பும்

விசாரணைக் கைதியை வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. விருப்பப்பட்டால் கேட்கலாம். தண்டனைக் கைதிகளுக்குத் தையல், நெசவு, பேக்கரி, புத்தகம் கட்டுதல் என்று கூலியோடு வேலை உண்டு, வேலூர்ச் சிறையில் போலீஸ்காரர்களுக்கு ஷூவே தைக்கிறார்கள், புழலில் பெண் கைதிகள் நடத்தும் பெட்ரோல் பங்க் 2023இல் திறந்தார்கள். வெளியே "ஃப்ரீடம்" என்ற பெயரில் விற்கும் பொருள்கள் இப்படி வந்தவைதான். ஐம்பது அறுபது நாள் இருக்கிறவருக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, இருந்தாலும் நூலக உதவி, சமையல்கட்டில் காய் நறுக்குவது, தோட்ட வேலை மாதிரி ஏதாவது கிடைத்தால் விடாதீர்கள், நாளில் நான்கு மணி நேரம் காணாமல் போய்விடும்.

நீண்ட நாள் இருக்க வேண்டிய நிலை என்றால் படிப்பு. உள்ளேயே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எழுதலாம். திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்பும் உண்டு, இக்னோவில் கைதிகளுக்குக் கட்டணம் இல்லை. பேரறிவாளன் வேலூர்ச் சிறையில் இருந்தபடியே பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1096 வாங்கினார் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவு வேண்டாம், எழுதப் படிக்கத் தெரியாமல் உள்ளே வந்து தன் பெயரைக் கையெழுத்தாகப் போடக் கற்றுக்கொண்டு போனவர்களையும் பார்த்தேன், கைநாட்டு வைக்கிற இடத்தில் பேனா கேட்ட அந்த மனுஷர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மனு, போன், பணம்

வீட்டுக்காரர்கள் வந்து பார்ப்பதற்கு உள்ளே "மனு" என்று பெயர். "உனக்கு மனு வந்திருக்கு" என்று கூப்பிட்டால் யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் முதல் தடவை ஏதோ கோர்ட் காகிதம் என்று நினைத்துப் பயந்துவிட்டேன்.

வருகிறவர்கள் ஆதார் கார்டு கொண்டுவர வேண்டும், காலையிலேயே வந்து பதிவு செய்ய வேண்டும். இ-முலாக்காத் என்ற அரசு இணையதளத்தில் முன்கூட்டியே பதியும் வசதியும் இருக்கிறது. எந்தக் கிழமை, எத்தனை பேர், என்ன பொருள் கொடுக்கலாம் என்பது வாசலில் எழுதிப் போட்டிருப்பார்கள், வீணாக அலையாமல் முதலில் அதைப் பாருங்கள். நடுவில் கண்ணாடி அல்லது வலை இருக்கும், இன்டர்காமில் பேசச் சொல்வார்கள், இல்லையென்றால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிற இரைச்சலில் ஒன்றும் கேட்காது. அதனால் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வக்கீல் விஷயம், பணம், பிள்ளைகள் என்று அந்த வரிசையில். அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள், அழுதே நேரத்தை முடித்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளையைக் கூட்டி வரலாமா என்று கேட்பார்கள், அது அவரவர் மனசு, நான் வேண்டாம் என்றேன், பிறகு வருத்தப்பட்டேன்.

போன் பேச, உங்கள் வீட்டு எண்ணைப் பதிவு செய்து அது யாருடையது என்று சரிபார்த்த பிறகுதான் விடுவார்கள். அதனால் முதல் நாளே விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். யாராவது ரகசிய செல்போன் தருகிறேன் என்றால் தொடவே தொடாதீர்கள், பிடிபட்டால் மனு நிற்கும், புது வழக்கு வரும், ஜாமீன் கேட்கும்போது அதுவே கழுத்தில் கல்லாகத் தொங்கும். கஞ்சாவுக்கும் இதேதான்.

கையில் காசு வைத்திருக்கக் கூடாது. வீட்டிலிருந்து கட்டுகிற பணம் உங்கள் பெயரில் வரவாகும், அதிலிருந்து கேன்டீனில் கழித்துக்கொள்வார்கள். சோப்பு, பேஸ்ட், பிஸ்கட், ஊறுகாய், கொசுவுக்குத் தடவ ஏதாவது, இவ்வளவு வாங்கினால் போதும். நிறைய வாங்கி அடுக்கினால் பாசக்காரத் தம்பிகள் திடீரென்று முளைப்பார்கள்.

வழக்கை மறந்துவிடாதீர்கள்

ரிமாண்ட் ஒரு தடவைக்குப் பதினைந்து நாள்தான், பிறகு நீட்டிப்பு. இப்போது பெரும்பாலும் வீடியோவில் முடித்துவிடுகிறார்கள். நாள்கணக்கை நீங்களே நோட்டில் எழுதுங்கள். 60 நாளுக்குள், ஆயுள் அல்லது பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனை மாதிரி பெரிய குற்றம் என்றால் 90 நாளுக்குள், போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உங்கள் உரிமை. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். 61ஆம் நாள் ஜாமீன் மனு போடாமல் விட்டு, 62ஆம் நாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போச்சு. வக்கீலுக்கு 55ஆம் நாளிலேயே ஞாபகப்படுத்துங்கள்.

முதல்முறை வழக்கு என்றால், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் விட வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 479ஆம் பிரிவு சொல்கிறது, கோர்ட்டுக்கு எழுத வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது இல்லை, ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் இல்லை. சட்ட உதவி வக்கீல் சிறைக்கே வந்து போவார், அவர் வருகிற கிழமையில் வரிசையில் முதல் ஆளாக நில்லுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு வயது வரைக்கும் குழந்தையைக் கூட வைத்துக்கொள்ளலாம், 2006இல் உச்ச நீதிமன்றம் அதற்கான வழிமுறைகளை வகுத்தது. வெளியே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா இல்லையா என்று கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

வெளியே வரும் நாள்

ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வக்கீல் சொன்னதும் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். உத்தரவு வேறு, ஜாமீன்தாரர் கொடுத்து முடிப்பது வேறு, விடுதலைக் காகிதம் சிறைக்கு வந்து சேருவது வேறு. லாக்கப்புக்குப் பிறகு வந்தால் மறுநாள் காலைதான். எனக்கு வெள்ளிக்கிழமை உத்தரவு, திங்கள்கிழமை சாயங்காலம்தான் வெளியே வந்தேன், அந்த மூன்று நாள் முந்தின ஐம்பதைவிட நீளம். உத்தரவு வந்து ஏழு நாளாகியும் விடவில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணையத்துக்குச் சிறை நிர்வாகம் தெரிவிக்க வேண்டும், ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு மாதம் ஆனால் நிபந்தனையைத் தளர்த்துவதைக் கோர்ட் பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பாய், போர்வை, தட்டைத் திருப்பிக் கொடுங்கள். மிச்சம் இருக்கிற சோப்பு, ஊறுகாய், பழைய லுங்கி எல்லாம் பக்கத்தில் இருக்கிறவருக்கு. நூலகப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், நான் பாதியில் விட்டு வந்த மூன்றாம் பாகத்தைப் பிறகு கடையில் வாங்கித்தான் படித்தேன். கேட்டில் உங்கள் பொருள்களைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து வாங்குங்கள், கணக்கில் மிச்சம் இருக்கிற பணத்தையும் கேளுங்கள்.

அப்புறம் நிபந்தனை. ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ தினமும் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்தால் அது மறுநாளே தொடங்கிவிடலாம், உத்தரவின் நகலை வக்கீலிடம் வாங்கித் தேதியையும் இடத்தையும் நேரத்தையும் பாருங்கள். பத்தரை மணி என்று போட்டிருந்தால் பத்துக்கே போய் நில்லுங்கள், ஒரு பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள், நான் போன இடத்தில் இருந்த பேனாவில் மை தீர்ந்து பல நாள் ஆகியிருந்தது.